துணைக்கு வருபவர்
(பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் மாவட்டத் தொண்டு நிறுவனங்கள்: பணியும் பொருளும்)

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (கணிதம்) மாணவி

முன்னுரை

கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டால் நம் ஊரில் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்திற்குச் சுற்றுச்சுவர் கட்டவும், கண் சிகிச்சை முகாம் நடத்தவும் கொடுக்கிறார்கள். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்தும் வைக்கிறோம். ஆனால் பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு பெண்ணை மருத்துவமனைக்கும் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உடன் இருந்து அழைத்துச் செல்லும் பணிக்கு நன்கொடை கேட்டுப் பாருங்கள். கேட்பவரின் குரல் தானாகவே தாழ்ந்து விடுகிறது. கொடுப்பவரோ, "இதற்கெல்லாம் எதற்குப் பணம்?" என்கிறார்.

இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்த கோடை விடுமுறையில் ஆறு வாரம், இப்பணியில் ஈடுபட்டுள்ள ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கெழுதும் உதவிக்குச் சென்றேன். என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு அங்க என்னம்மா வேலை?" என்று அம்மா கேட்டார். அந்தப் பணிக்குக் கணக்குத்தான் முதல் தேவை என்பது அன்று எனக்கும் தெரியாது.

இப்பொருளை நான் எடுத்துக் கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை எழுதினால் ஒருவரை ஊர் அறிந்து கொள்ளும். ஆகவே எழுதவில்லை. நான் சென்ற நிறுவனத்தின் பெயரையும் அதே காரணத்தால் குறிப்பிடவில்லை.

சற்றே வரலாறு

இத்தகைய உதவி மையங்கள் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் தோன்றின. 1976-இல் இலண்டனில் ஒரு மையம் திறக்கப்பட்டது. ஒரு தொலைபேசி, அதன் அருகே முறை வைத்து அமரும் சில பெண்கள் என்ற அளவிலேயே இவற்றுள் பல தொடங்கின.

நம் நாட்டில் இவ்வுணர்வை எழுப்பியது மதுரா வழக்கு. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே வன்முறைக்கு உள்ளானார். குற்றம் சாட்டப்பட்ட காவலர் இருவரையும் உச்சநீதிமன்றம் 1978-இல் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-இல் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். 1980-இல் பம்பாயில் பெண்கள் ஒரு மன்றமாகத் திரண்டனர். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. பேராசிரியர்கள் எழுதிய ஒரு கடிதம் சட்டத்தை அசைக்க உதவியது என்பதைக் கல்லூரியில் இருப்பவர்கள் நினைவில் கொள்வது நலம்.

தமிழகத்தில் வாச்சாத்தியை மறக்க இயலாது. தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமமாகிய அதில் 1992 ஜூன் 20 அன்று சோதனை என்ற பெயரில் அரசு ஊழியர்கள் புகுந்தனர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். தீர்ப்பு வந்தது 2011-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்து விட்டனர்; எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அம்மக்கள் தளராமல் நின்றதற்கு, உடன் நின்ற சங்கங்களும் வழக்கறிஞர்களும் பெருந்துணை. இந்த 19 என்ற எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். வரவு பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

சென்னையில் பி.சி.வி.சி. 2001-ஆம் ஆண்டிலிருந்தும், குழந்தைகளுக்கான துளிர் 2004-ஆம் ஆண்டிலிருந்தும் இயங்கி வருகின்றன. அரசும் 2013-இல் நிர்பயா நிதியை அறிவித்தது. 2015 முதல் மாவட்டந்தோறும் 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்தது. 181 என்ற எண் பெண்களுக்கும், 1098 குழந்தைகளுக்கும் உரியது.

அரசு மையம் இருக்கும்போது தொண்டு நிறுவனம் எதற்கு என்று கேட்கலாம். சகி மையத்தில் தற்காலிகமாகத் தங்கும் வசதி ஐந்து நாட்களுக்குரியது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அந்த இடைவெளியில்தான் உள்ளூர் நிறுவனம் நிற்கிறது.

பணி யாது?

முதல் மூன்று நாட்களும் அதன் பின்வரும் மூன்று ஆண்டுகளும் என்று இப்பணியை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் மூன்று நாட்களில் நேரமே மருந்து. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரை எவ்வளவு முன்னதாகக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். உடலிலும் உடையிலும் உள்ள தடயங்கள் மணிக்கு மணி அழிகின்றன. அழுக்குப் போகக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போடுவதே நம் வீடுகளில் முதலில் செய்யப்படுவது. அன்பினால் செய்யும் அச்செயல் வழக்கைக் கெடுத்து விடுகிறது.

அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 397. முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை என்று கூறிச் சிகிச்சையைத் தள்ளிப் போட இயலாது. மறுப்பது குற்றம். 'இருவிரல் சோதனை' என்னும் இழிவான முறை கூடாது என உச்சநீதிமன்றம் 2013-லும், மீண்டும் 2022-லும் கண்டித்துள்ளது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் நிலைமை வேறு. ஒருவரும் இல்லாவிட்டால் வேறு.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே பேசக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் வயது வந்தவராயின், புகார் கொடுப்பதா இல்லையா என்பது அவருடைய முடிவு. நிறுவனம் வழிகளை எடுத்துரைக்கலாம், வற்புறுத்தலாகாது. 18 வயதுக்கு உட்பட்டவராயின் நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி, செய்தி அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே ஆலோசகர் குழந்தையிடம், "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பின்னால் உடைக்க வேண்டிய வாக்கை முன்னால் கொடுப்பது அக்குழந்தையை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும்.

அடுத்து வருவது நீண்ட காலம். நடுவர் முன் வாக்குமூலம், நீதிமன்ற வாய்தாக்கள், பள்ளியில் மீண்டும் சேர்த்தல், வீடு மாற்றுதல், இரவில் உறக்கமின்மை, உறவினரின் சமரசப் பேச்சு எனப் பலவற்றையும் கடக்க வேண்டும். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். தேசிய ஆணைக்குழு 2018-இல் வகுத்த திட்டத்தில், வன்புணர்ச்சிக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ரூபாய் வரை என்று உள்ளது. மனு எழுதத் தெரியாதவர்க்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

செலவு

இனிக் கணக்கிற்கு வருவோம். கீழ்க்காணும் எண்கள் எந்த நிறுவனத்தின் கணக்கும் அன்று. ஒரு சிற்றூர் நிறுவனத்தை மனத்தில் வைத்து நான் அமைத்த எடுத்துக்காட்டு.

மாதச் செலவு (ரூபாய்):
ஆலோசகர் இருவர், தலா 18,000 — 36,000
ஒருங்கிணைப்பாளர் — 22,000
பகுதிநேரக் கணக்கர் — 6,000
வாடகையும் மின்சாரமும் — 9,000
தொலைபேசி — 1,000
பயணம் — 8,000
அவசர உதவி (மாற்றுடை, உணவு, மருந்து) — 6,000
பயிற்சியும் மேற்பார்வையும் — 4,000
மொத்தம் — 92,000

ஆண்டுக்கு 11,04,000. தணிக்கை, அச்சு முதலியவற்றுக்கு 26,000 சேர்த்தால் 11,30,000 ரூபாய்.

இதைக் காட்டினால் நன்கொடையாளர் உடனே கேட்பது ஒன்று: "92 ஆயிரத்தில் 64 ஆயிரம் சம்பளமா? பாதிக்கப்பட்ட பெண்ணுக்குப் போவது ஆறாயிரம்தானா?" நானும் முதல் நாள் பேரேட்டைப் பார்த்து இப்படித்தான் நினைத்தேன். நூற்றுக்கு எழுபது சம்பளத்திற்குப் போகிறதே என்று மனத்திற்குள் குறை கூறினேன்.

கண் முகாமில் மூக்குக் கண்ணாடி கொடுக்கிறோம். கண்ணாடி ஒரு பொருள். இங்கே கொடுக்கப்படும் பொருள் என்ன? இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியை எடுப்பவர், மருத்துவமனை வராந்தாவில் ஆறு மணி நேரம் உடன் அமர்பவர், சாட்சிக் கூண்டில் ஏறும் பெண்ணின் கண்ணில் படும் இடத்தில் உட்காருபவர், இவர்கள்தாம் அந்தப் பொருள். சம்பளம் இங்கே நிர்வாகச் செலவு அன்று, அதுவே சேவை. மருத்துவமனைக் கணக்கில் மருத்துவர் ஊதியத்தை வீண் செலவு என்று யாரும் கூறுவதில்லை அல்லவா?

தொண்டர்களைக் கொண்டே நடத்தலாகாதா என்பது அடுத்த கேள்வி. சில பணிகளுக்கு ஆகும். ஆனால் ஒரே பெண் தன் கதையை ஐந்து புதிய முகங்களிடம் ஐந்து முறை கூற வைப்பது கொடுமை. முதல் நாள் வந்தவரே மூன்றாம் ஆண்டும் வர வேண்டும். அதற்கு அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். மேலும் நாள்தோறும் துயரத்தைக் கேட்பவர் மனமும் களைக்கும். அவர் தம் பாரத்தை இறக்கி வைக்கவே 'மேற்பார்வை' என்ற அந்த 4,000. பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இத்தொகைதான். வெட்டிய ஓராண்டில் ஆலோசகர் வேலையை விட்டுப் போகிறார். பயிற்சிச் செலவு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

பயணச் செலவையும் அற்பமாக எண்ணலாகாது. ஒரு தாய் மூன்றாம் வாய்தாவுக்கு நீதிமன்றம் வரவில்லை. பயந்து விட்டார் என்றார்கள்; விலை போய்விட்டார் என்றும் பேசினார்கள். உண்மையில் பஸ் காசும் அன்றைய கூலியும்தான் காரணம். ஆனால் பயணப்படியைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. "பணம் வாங்கிக் கொண்டு சாட்சி சொல்கிறார்" என எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பும். எனவே பஸ் டிக்கெட்டை ஊழியரே எடுத்து, அந்தச் சீட்டையே வவுச்சரில் ஒட்டுவது நல்ல முறை.

வரவு

அதே எடுத்துக்காட்டின் ஆண்டு வரவை இவ்வாறு அமைக்கலாம்:
மாதம் 200 ரூபாய் தரும் 150 பேர் — 3,60,000
ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி — 5,00,000
உள்ளூர்ப் பெருநன்கொடைகள் — 1,50,000
அலுவலகங்களில் பயிற்சி நடத்திப் பெறும் கட்டணம் — 1,20,000
மொத்தம் — 11,30,000

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பிரிவு 135, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதே 2013-இல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், அலுவலகக் குழுவில் வெளியார் ஒருவர் இருக்க வேண்டும் என்று கூறுவதால், பயிற்சிக் கட்டணத்திற்கும் ஒரு வழி பிறந்தது. வெளிநாட்டு நிதிக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவு தேவை. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிறு நிறுவனத்திற்கு அது எட்டாக் கனியே.

மேற்கண்ட பட்டியலில் மிகப் பெரிய தொகை கம்பெனியுடையது. அதுவே மிகப் பலவீனமானதும் ஆகும். அடுத்த ஆண்டு அக்கம்பெனி மரம் நடப் போய்விட்டால் மீதம் 6,30,000. அது ஏழு மாதச் செலவுக்கும் போதாது. எட்டாம் மாதத்தில் வாய்தாவுக்கு யார் போவது? வாச்சாத்தியின் 19 ஆண்டுகளை இங்கே நினைத்துப் பாருங்கள். பணம் ஓராண்டுக்கு வருகிறது. வழக்கு பல்லாண்டு நடக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தமின்மையே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் என்பது என் முடிவு.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, ஆறு மாதச் செலவைச் சேமிப்பு நிதியாக வைத்தல். மற்றொன்று, மாதம் 200 ரூபாய் தருவோரைப் பெருக்குதல். ஐந்து இலட்சம் தரும் ஒருவர் விலகினால் நிறுவனம் ஆட்டம் காணும். 200 ரூபாய் தருவோரில் பத்துப் பேர் விலகினாலும் ஆண்டுக்கு 24,000 மட்டுமே குறையும். நிகழ்தகவு படித்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

வாங்கக் கூடாத பணமும் உண்டு. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் உறவினரோ தரும் நன்கொடை ஒன்று. பாதிக்கப்பட்டவர் தம் இழப்பீட்டிலிருந்து நன்றியாகத் தர முன்வரும் தொகை மற்றொன்று. இவ்விரண்டையும் மறுப்பதென முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்றி வைத்தால், சங்கடமான நாளில் விதியைக் காட்டித் தப்பிக்கலாம்.

அமைப்பு

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் கூடி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். அல்லது அறக்கட்டளையாகப் பதியலாம். சங்கமாயின் பொதுக்குழு, செயற்குழு, ஆண்டுத் தணிக்கை யாவும் உண்டு. வங்கியில் இருவர் கையொப்பம், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, தனித்தனித் திட்டங்களுக்குத் தனிப் பேரேடு ஆகியவை அடிப்படை. செயற்குழுவில் வழக்கறிஞர் ஒருவர், மருத்துவர் ஒருவர், கணக்கு அறிந்தவர் ஒருவர், எல்லாவற்றிற்கும் மேலாக அத்துயரைக் கடந்து வந்தவர் ஒருவர் இருத்தல் நலம்.

கணக்கும் இரகசியமும்

தணிக்கையாளர் எல்லாவற்றிற்கும் சான்று கேட்பார். நன்கொடையாளர் புகைப்படம் கேட்பார். சட்டமோ பெயரை வெளியிடாதே என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 72, அடையாளத்தை வெளியிடுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. பெயரை மட்டுமன்றி, ஆளை அறியச் செய்யும் எதையும் வெளியிடலாகாது என உச்சநீதிமன்றம் 2018-இல் நிபுண் சக்சேனா வழக்கில் விளக்கியது.

இதற்கு நான் சென்ற இடத்தில் கண்ட முறை எளிது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். வவுச்சரில் எண் மட்டும் எழுதப்படும். எந்த எண் யாருடையது என்ற ஏடு தனிப் பீரோவில் பூட்டியிருக்கும். கணக்கெழுதும் எனக்கு அதன் சாவி இல்லை.

ஆயினும் நான் ஒரு பிழை செய்தேன். ஆண்டறிக்கைக்கு ஓர் அட்டவணை கேட்டார்கள். ஒன்றியம், வயது, மாதம் எனப் பிரித்து, கோடு போட்டு, கணித மாணவி என்ற பெருமையோடு கொண்டு போய்க் கொடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் அக்கா சற்று நேரம் பார்த்தார். ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அதில் '1' என்று இருந்தது.

"பாப்பா, இந்த ஒண்ணு யாருன்னு அந்த ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார்.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். அந்த ஒன்றியம், அந்த வயது, அந்த மாதம். அது யார் என்று எனக்கே தெரிந்தது. பீரோவின் சாவி இல்லாமலே தெரிந்தது. எண்ணுக்குப் பெயர் இல்லை என்று எங்கள் வகுப்பில் நினைத்திருந்தேன். சிறிய எண்ணுக்குப் பெயர் உண்டு என்று அன்று கற்றேன். அன்றிரவு அட்டவணையைத் திருத்தினேன். ஒன்றியங்களைச் சேர்த்தேன், மாதங்களை நீக்கினேன், எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் குறைந்த எண் வராதபடி அமைத்தேன். ஐந்து வராத இடங்களில் 'வெளியிடப்படவில்லை' என்று எழுதினேன்.

அப்படியானால் பணி நடந்தது என்பதற்கு எதைக் காட்டுவது? எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை முறை மருத்துவமனைக்குத் துணை சென்றனர், எத்தனை வாய்தாக்களுக்கு உடன் இருந்தனர், எத்தனை இழப்பீட்டு மனுக்கள் கொடுக்கப்பட்டன என்று பணியை எண்ணிக் காட்டலாம். ஆளை எண்ணிக் காட்டத் தேவையில்லை. அழும் முகத்தின் படத்தைக் கேட்கும் நன்கொடையை இழந்தாலும் தாழ்வில்லை.

நாம் செய்யக் கூடுவது

இதைப் படிக்கும் மாணவ நண்பர்கள் நாளையே ஆலோசகர் ஆகிவிட முடியாது. பயிற்சியின்றி ஆர்வத்தோடு போய் நின்றால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. ஆயினும் வணிகவியல் மாணவர் பேரேடு எழுதலாம். தமிழ்த்துறை மாணவர் மனுப் படிவங்களை எளிய தமிழில் ஆக்கித் தரலாம். கணினித் துறையினர் கோப்புகளைப் பூட்டி வைக்கக் கற்றுத் தரலாம். ஐம்பது பேர் உள்ள ஒரு வகுப்பு, ஆளுக்கு மாதம் 20 ரூபாய் எடுத்து வைத்தால் ஆயிரம் ரூபாய். மேலே கண்ட பட்டியலில் தொலைபேசிச் செலவு அதுதான். இரவில் ஒலிக்கும் அந்த மணியை ஒரு வகுப்பு தாங்க முடியும்.

எல்லாவற்றினும் எளிதான தொண்டு ஒன்றுண்டு. அது விசாரிக்காமல் இருத்தல். ஒரு மாணவி சில நாட்கள் வராமல் இருந்து திரும்பி வந்தால், "என்ன நடந்தது?" என்று துருவாமல், விட்டுப்போன பாடக் குறிப்பை எடுத்து நீட்டுவோம்.

முடிவுரை

விடுமுறை முடிந்து வீடு திரும்பியதும் அந்த எடுத்துக்காட்டுக் கணக்கை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சம்பளம் 64 ஆயிரம் என்றதும் அவரும் மற்றவர்களைப் போலவே கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கேட்கவில்லை.

"கூட வர்ற பிள்ளைக்கு அன்னிக்குக் கூலி போகுமில்ல? அத யாராச்சும் குடுக்கணும்ல?" என்றார்.

ஆறு வாரம் பேரேடு பார்த்து நான் கண்டறிந்ததை, நாள் கூலியில் வாழ்கிறவர் ஒரு நொடியில் கண்டு கொண்டார். பிறகு, முதலில் என்னைத் தடுத்ததை நினைத்தோ என்னவோ, மறுபடியும் எப்போது போகிறாய் என்று கேட்டார். தேர்வு முடிந்ததும் செல்கிறேன். ஆண்டுக் கணக்கை முடித்துத் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும்.